தலைவர் தட்டிக் கழித்த நாரை

பறவைப் படச் சங்கத்தின் தலைவர் பிச்சைக்கண்ணு. கேமரா கம்பெனியின் சொந்த லென்ஸ்தான் லென்ஸ் என்பார். சங்க உறுப்பினரான நர்ஸ் செல்லக்கனியோ வேறு கம்பெனியின் மலிவான ஜூம் லென்ஸ் வாங்கிவிட்டாள்.

"அதுல எடுத்த படம் நம்ம சங்கக் கண்காட்சிக்கு ஆகாது. நூறு படத்துல கலந்து வச்சாலும் கண்டுபிடிச்சிருவேன்" என்றார் தலைவர்.

"ரெண்டு போதும் சார், இதுல ஒண்ணு என்னோடது" என்று இரண்டு நாரைப் படங்களை மேஜையில் வைத்தாள்.

தலைவர் ஒன்றைத் தட்டினார். "இதுதான் உன்னோடது. ஓரமெல்லாம் மங்கல்."

செல்லக்கனி அதைத் திருப்பினாள். எடுத்தவர் பின்னால் கையெழுத்திடுவது சங்க வழக்கம். அங்கே பிச்சைக்கண்ணு என்றிருந்தது.

"போன வருஷம் நீங்க பரிசு வாங்கின படம் சார்."

தலைவர் தொண்டையைச் செருமினார். "ஓரம் மங்கலா இருந்தாத்தாம்மா அழகு."

"மன்னிச்சிருங்க சார், என்னோடதுல ஓரமும் தெளிவா விழுந்திருச்சு. பரவால்லன்னா மாட்டட்டுமா?"

தலைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆணியை அவரே அடித்தார்.