இது சோதனைப் பதிவா?

"நான் என்னம்மா தப்புப் பண்ணேன்?" என்று கேட்டுக்கொண்டேதான் சூசைமாணிக்கம் கடைக்குள் நுழைந்தார்.

தில்ஷாத் நிமிரவில்லை. பிரித்துப் போட்ட செல்போன் ஒன்றை லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவளுக்குச் செல்போன் பழுது பார்க்கும் கடை.

அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. நத்தம் சாலையில் மோட்டார் சாமான் கடை வைத்திருக்கிறார். அவளுக்கு முப்பத்தைந்து இருக்கும். இருந்தாலும் அவர்தான் சீடர், இவள்தான் குரு. 'கேட்டால் தெரியும்' தளத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், பாதி கேலியாகவும் பாதி நிஜமாகவும்.

வீட்டிலோ தோட்டத்திலோ கரண்ட் சம்பந்தமாக என்ன சந்தேகம் வந்தாலும் அந்தத் தளத்தில் கேட்கலாம். யார் வேண்டுமானாலும் பதில் எழுதலாம். அதில்தான் வம்பே. தெரிந்தவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் தெரியாதவர் நாலு பதில் எழுதி முடித்திருப்பார். அதில் ஒன்று தங்கிவிட்டாலும் எங்கேயோ ஒருவர் அதை நம்பிக் கை வைப்பார்.

அதனால் புதிதாக வரும் ஒவ்வொரு பதிலையும், அது தளத்தில் வந்த கையோடு, தன்னார்வலர் ஒருவர் படித்துப் பார்ப்பார். 'இருக்கட்டும்', 'நீக்கு' என்று இரண்டு பொத்தான்கள். ஒன்றை அழுத்த வேண்டும். சம்பளம் கிடையாது, டீயும் கிடையாது.

படிப்பவர் ஒழுங்காகப் படிக்கிறாரா என்று பார்க்க, நடுநடுவே தளம் ஒரு சோதனைப் பதிவைக் கலந்துவிடும். என்றைக்கோ சரி, தப்பு என்று முடிவான பழைய பதில், புதியது போல வேஷம் கட்டி வரும். அதில் தவறினால் சில நாளைக்குப் பொத்தான்கள் மறைந்துபோகும். அந்தச் சோதனைப் பதிவுகளைப் பொறுக்கித் தருவது தில்ஷாத்தின் பொறுப்பு.

சூசைமாணிக்கத்துக்குப் பொத்தான்கள் மறைந்திருந்தன. வியாபாரம் படுத்த பிறகு அவர் பேச்சுக்கு மதிப்பு இருந்த ஒரே இடம் அந்தத் தளம்தான். அங்கேயும் இப்படி ஆனதில் மனிதருக்குத் தாங்க முடியாத வருத்தம்.

நம்பி வேலை செய்கிறவனை வேஷம் போட்டு வந்து சோதிப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். தன் வயசுக்காவது ஒரு மரியாதை வேண்டாமா என்றார். போன மாதம் மட்டும் எத்தனை பதில்களைப் பார்த்துத் தள்ளினார் என்பதையும் சொன்னார்.

தில்ஷாத் எல்லாவற்றையும் கேட்டாள்.

"நீங்க இருக்கட்டும்னு அமுக்குன அந்தப் பதில்ல என்ன எழுதியிருந்துச்சுண்ணே?"

அவர் யோசித்தார். "பெருசா எழுதியிருந்தாங்க."

"என்னன்னு?"

"நல்லா பத்தி பிரிச்சு எழுதியிருந்தாங்கம்மா."

சின்ன ஸ்க்ரூ ஒன்றை இடுக்கியால் எடுத்து மூடியில் போட்டாள். அப்புறம் இன்னொன்றைப் போட்டாள்.

சூசைமாணிக்கம் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பினார். இந்தப் பெண்ணுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று போகிற வழியெல்லாம் நினைத்துக்கொண்டார்.

*

பொத்தான்கள் திரும்பி வந்தன. இந்தத் தடவை அவர் ஏமாறத் தயாராக இல்லை. வந்ததையெல்லாம் நீக்கினார். நீளமாக இருந்தால் அளக்கிறான் என்று நீக்கினார். குட்டையாக இருந்தால் ஒன்றும் தெரியாதவன் என்று நீக்கினார்.

மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

மோட்டார் உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை, என்ன செய்யலாம் என்று யாரோ கேட்டிருந்தார்கள். 'கெப்பாசிட்டர் போயிருக்கும், மாற்றிப் பாருங்கள்' என்று ஒரே வரியில் பதில் இருந்தது. சூசைமாணிக்கம் அதை நீக்கியிருந்தார்.

"இருக்கட்டும்னாலும் தப்பு, நீக்குன்னாலும் தப்புன்னா நான் எதைத்தாம்மா அமுக்குறது?" என்று வந்து நின்றார். குரலில் போன தடவை இருந்த கோபம் இல்லை. நிஜமாகவே குழம்பிப்போயிருந்தார்.

"மோட்டார் உறுமுது, சுத்தலைன்னு உங்க கடைக்கு ஒருத்தர் வந்தா என்னண்ணே குடுப்பீங்க?"

"கெப்பாசிட்டர் குடுப்பேன். இதெல்லாம் ஒரு கேள்வியா?"

தில்ஷாத் அவர் முகத்தையே பார்த்தாள்.

"அது கடைம்மா" என்றார் அவர். "இது தளம்."

அவள் திரும்பவும் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்துவிட்டாள்.

*

மூன்றாம் தடவை அவர் கையில் மிக்சர் பொட்டலத்தோடு வந்தார். வாயெல்லாம் பல்.

இப்போதெல்லாம் ஒரு சோதனையில்கூட அவர் தவறுவதில்லை. தன்னார்வலர் குழுவில் அவர் பெயரைச் சொல்லிப் பாராட்டியிருந்தார்கள். வீட்டுக்காரம்மாவிடம் அதைப் படித்துக் காட்டினாராம். அந்தம்மாவும் பரவாயில்லையே என்று சொன்னதாம்.

எப்படி என்று தில்ஷாத் கேட்டதும் குரலைத் தணித்துக்கொண்டார். பதில் எழுதியவரின் பெயரை முதலில் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பாராம். நிஜ ஆளாக இருந்தால் அவருடைய பக்கம் திறக்கும். சோதனைப் பதிவாக இருந்தால் திறக்காது. திறக்கவில்லை என்றால் உடனே கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, வரி வரியாகப் படிப்பாராம். அழுத்தியதும் பச்சை எழுத்தில் 'சரி. இது சோதனைப் பதிவு' என்று வருமாம்.

"பேரு திறந்துச்சுன்னா?"

"அது சும்மா வந்த பதிவும்மா. நிஜ ஆள் எழுதுனது. அதுல என்ன இருக்கு, பார்த்த உடனே ஏதாவது ஒண்ணை அமுக்கிட்டுப் போயிருவேன்."

தில்ஷாத் வேலையை நிறுத்தினாள். லென்ஸைக் கழற்றி மேசையில் வைத்தாள். அவருடைய போனை வாங்கி, தளத்தைத் திறந்து, ஒரு பதிலை எடுத்து, எழுதியவர் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு அவர் முன்னால் நீட்டினாள்.

"இப்பச் சொல்லுங்க."

"பேரு தெரியலையேம்மா."

"பதில் தெரியுதுல்ல?"

"தெரியுது. ஆனா சோதனையா இல்லையான்னு தெரியாம அதை எப்படிம்மா படிக்கிறது?"

அவர் குறும்புக்காகக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை கணக்கில் மாட்டிக்கொண்டு விழிப்பது போல விழித்தார். தில்ஷாத்துக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. போனைத் திருப்பிக் கொடுத்தாள். மிக்சரை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரமே தளத்தில் இரண்டு மாற்றங்கள் வந்தன. சரிபார்க்கிறவர்களுக்கு எழுதியவர் பெயர் தெரியாது. பச்சை எழுத்தும் வராது.

*

சூசைமாணிக்கம் தவித்துப்போனார்.

எல்லாப் பதிலும் சோதனை போலத் தெரிந்தது. பிறகு எதுவுமே சோதனை இல்லை போலவும் தெரிந்தது. ஒரு பொத்தானை அழுத்துவதற்குள் ஒரு டீ ஆறிப்போனது. ஃப்யூஸ் கட்டையில் கம்பிக்குப் பதிலாக ஆணி வைக்கலாமா என்று கடைக்கு வந்து கேட்டவரைக்கூட, இவரை யார் அனுப்பினார்கள் என்பது போல உற்றுப் பார்த்தார். வந்தவர் பயந்துபோய் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

*

ஒரு நாள் காலையில் தில்ஷாத் ஷட்டரைத் தூக்கிவிட்டுத் திரும்பினால் அவர் வாசலில் நிற்கிறார். தன் கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஆமா, இல்லைன்னு சொல்லிரு. அது போதும்."

மூச்சு வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

கொடுமுடிப் பக்கம் வசந்தகோகிலம் என்று ஒரு அம்மா கேள்வி கேட்டிருக்கிறார். பாத்ரூமில் வெந்நீர் ஹீட்டர் போட்டால் குழாயைத் தொடும்போது சுருக்கென்று அடிக்கிறது, என்ன செய்யலாம் என்று. அதற்கு ஒரு புண்ணியவான் பதில் எழுதியிருக்கிறார். ஷாக் எல்லாம் எர்த் வயர் வழியாகத்தான் வருகிறது, அதை வெட்டி விட்டால் சரியாகிவிடும் என்று. கேட்டவர் அதற்குக் கீழேயே நன்றி சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுத் தம்பியை விட்டு இப்போதுதான் வெட்டினாராம். மாமியாருக்கு வெந்நீர் போட்டிருக்கிறாராம்.

கசிகிற கரண்டை மண்ணுக்கு இழுத்து ஆளைக் காப்பாற்றுவதே அந்த வயர்தான். படித்த உடனே 'நீக்கு' என்று அழுத்திவிட்டார் சூசைமாணிக்கம். நீக்கிய கையோடு இங்கே ஓடி வந்திருக்கிறார்.

"இது நீ வச்ச சோதனைதானேம்மா? நிஜத்துல இப்படி எவனாவது எழுதுவானா?"

"நீக்கிட்டீங்கள்ல. சரியாத்தானே பண்ணியிருக்கீங்க."

"சரிதான்."

"அப்புறம் என்ன?"

"பதிலைத்தானேம்மா நீக்கினேன்" என்றார் அவர். "அவங்கதான் வயரை வெட்டிட்டாங்களே."

அந்தம்மாவுக்கு எழுதிச் சொன்னீர்களா என்று தில்ஷாத் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சோதனைப் பதிவுக்குப் போய் எழுதினால் குழுவில் கிழித்துத் தொங்கவிட்டுவிடுவார்கள் என்றார். ஓசூர்க்காரர் ஒருவர் முன்பு அப்படித்தான், எப்போதோ முடிந்துபோன ஒரு பழைய பதிவுக்கு உருகி உருகி எச்சரிக்கை எழுத, பேய்க்கு வைத்தியம் பார்த்தவர் என்று அவருக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அவர் அப்புறம் தளத்துப் பக்கமே வரவில்லை.

"சோதனைதான்னு நான் சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"நிம்மதியா கடைக்குப் போவேன்."

"இல்லைன்னு சொன்னா?"

அவர் சட்டைப் பொத்தான் ஒன்றைக் கழற்றினார். அதையே மறுபடியும் மாட்டினார்.

தில்ஷாத் உள்ளே போய்த் துடைப்பத்தை எடுத்து வந்தாள். கடை வாசலைப் பெருக்க ஆரம்பித்தாள்.

சூசைமாணிக்கம் நின்றார். அவள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் போதும், அந்த முகத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம் என்று காத்திருந்தார். அவள் பெருக்கிக்கொண்டே அவர் காலடிக்கு வந்தாள். அவர் நகர்ந்துகொண்டார். அவள் அந்த இடத்தையும் பெருக்கினாள்.

அவர் போனை எடுத்தார். ஒற்றை விரலால் தேடித் தேடி அழுத்தினார்.

'அம்மா அந்தப் பதில் தப்பு. பாத்ரூமுக்கு யாரும் போகாதீங்க. தண்ணியைத் தொடாதீங்க. இதைப் பார்த்த உடனே எனக்கு எழுதுங்க.'

அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றும் வரவில்லை.

பேருந்து ஒன்று சத்தமாகத் திரும்பிப் போனது. இன்னும் ஒன்றும் வரவில்லை. அப்படியானால் சோதனைதான் என்று தோன்றியதும் நெஞ்சு லேசாயிற்று. கூடவே காது சூடாயிற்று. தனக்கு என்ன பட்டப்பெயர் வைப்பார்கள் என்று யோசித்தார். ஓசூர்க்காரரை நினைத்துத் தான் சிரித்த சிரிப்பெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

போன் அதிர்ந்தது.

'நீங்க யாருங்க? அத்தை குளிக்கத் துண்டு எடுத்துட்டுப் போறாங்க.'

'நிறுத்துங்க' என்று எழுதினார். எழுத்துப்பிழையோடு எழுதினார். அதையே மறுபடியும் எழுதி அனுப்பினார்.

'நிறுத்திட்டேன். கோவிச்சுக்கிறாங்க.'

'பரவாயில்லை. ஹீட்டர் சுவிட்சைத் தொடாதீங்க. மெயினை ஆஃப் பண்ணுங்க. கையை நல்லாத் துடைச்சுட்டு, செருப்புப் போட்டுக்கிட்டுப் பண்ணுங்க.'

'மெயின் எங்க இருக்கும்?'

'மீட்டர் பக்கத்துல பாருங்க.'

'இருக்கு. ஆனா எட்டலைங்க.'

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அடுத்ததை எழுதினார். தெருவிலேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

தில்ஷாத் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். அருகில் வந்து நின்றாள்.

"அண்ணே, அது சோதனையான்னு கேட்டீங்களே..."

அவர் நிமிரவில்லை. ஒரு கையை மட்டும் உயர்த்தி அவளை நிறுத்தினார்.

"இரும்மா. அந்தம்மா ஸ்டூல் எடுக்கப் போயிருக்காங்க."