சம்பந்திக்கு வைத்த பாதுகாப்பான விருந்து

நெட்டூரணிக்காரர்கள் எதையும் அவசரப்பட்டுச் செய்கிறவர்கள் அல்லர். தவறு செய்வதாக இருந்தாலும், நாலு பேரைக் கூட்டி நன்கு ஆலோசித்த பிறகே செய்வார்கள். அங்கே செம்மறியாட்டுப் பண்ணை வைத்திருந்த கொம்பையா, ஆலோசனையில் ஊரையே விஞ்சியவர். தம்பி வேலாண்டியும் மைத்துனன் பிச்சைக்கனியும் உடனிருந்தபடியால், பண்ணையில் ஆலோசனைக்கும் குறைவில்லை, தவறுக்கும் குறைவில்லை.

அந்த ஆண்டு கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கொம்பையாவின் புதுச் சம்பந்தி மாசானமுத்து குடும்பத்தோடு வருவதாக இருந்தது. கறிச்சோற்றில் குறை கண்டால் அவர் பந்தியில் ஒன்றும் சொல்லமாட்டார். வீட்டுக்குப் போய் மருமகளிடம் ஆயுள் முழுவதும் சொல்வார். மகள் செண்பகத்தின் நிம்மதி அந்த ஒரு பந்தியைப் பொறுத்திருந்தது. ஆகவே பண்ணையிலேயே கொழுத்த கிடாவாகப் பார்த்து அறுப்பது என்று கொம்பையா தீர்மானித்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஆடுகளில் ஒன்றிரண்டு கழியத் தொடங்கின. சினையாடு ஒன்று காலம் முந்திக் குட்டியை வீசிவிட்டது. கால்நடை மருத்துவர் பூங்கோதை வந்து பார்த்தார்.

"சால்மோனெல்லா மாதிரி இருக்கு. புழுக்கையைச் சோதனைக்கு அனுப்புறேன். அது கண்ணுக்குத் தெரியாத கிருமி. கழிச்சல்ல இருந்து தண்ணிக்குப் போகும், தண்ணியில இருந்து மத்த ஆட்டுக்குப் போகும். மனுஷனையும் விடாது. கிருமி உள்ள தண்ணியைக் குடிக்க விடாதீங்க" என்று சொல்லி, மருந்தும் கொடுத்துவிட்டுப் போனார்.

பண்ணையில் இரண்டு தொட்டிகள் இருந்தன. அன்று காலைதான் கழுவி நிரப்பிய தொட்டியை மூவரும் எட்டிப் பார்த்தார்கள்.

"ஏலே, உள்ள என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல அண்ணே" என்றான் வேலாண்டி.

"நல்லாக் குனிஞ்சு பாரு."

"குனிஞ்சும் ஒண்ணும் தெரியல."

கொம்பையாவின் முகம் இருண்டது. "அப்போ பூராவும் கிருமிதான்."

இன்னொரு தொட்டியில் புழுக்கையும் பாசியும் சருகும் மிதந்தன. பிச்சைக்கனி ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டிப் பெயர் சொன்னான். "எல்லாம் கண்ணுக்குத் தெரியுது அத்தான். இதுல சந்தேகத்துக்கே இடமில்ல." நல்ல தண்ணீரை வெளியே திறந்துவிட்டு, ஆடுகளை அந்த அழுக்குத் தொட்டிக்கு ஓட்டினார்கள்.

மருத்துவர் மறுபடி வந்தபோது இன்னும் சில ஆடுகள் படுத்திருந்தன. தொட்டியைப் பார்த்தார். தாமே துடைப்பத்தை எடுத்துத் தேய்த்துக் கழுவிவிட்டுச் சொன்னார். "நோயாட்டைப் பிரிச்சு வேற பட்டியில அடைங்க. நல்ல பட்டிக்குள்ள நோய் நுழையவே கூடாது."

அடைத்தார்கள். பிரிந்த ஆடுகள் ஓயாமல் கத்தின.

"ஏங்கிப் போயிரும் அண்ணே. துணைக்கு நாலு ஆட்டை விடுவோமா?"

"விடு. ஆனா நல்ல ஆடாப் பாத்து விடு. நோயாளிக்கு நோயாளி என்ன துணை?"

நல்ல ஆடுகளாகப் பொறுக்கி விட்டார்கள். இப்போது துணைக்குப் போன ஆடுகளின் தாய்கள் இந்தப் பக்கம் கத்தின. தாய்களை அனுப்பினார்கள். தாய்களின் மற்ற குட்டிகள் கத்தின. பொழுது சாய்வதற்குள் நல்ல பட்டியில் மிஞ்சியது ஒரே ஒரு கிடாதான்.

"இதுதான் கத்தவே இல்லையே அத்தான்."

"ஒத்தையா நிக்குதுல்லா. மனசுக்குள்ள கத்தும்."

அதையும் கொண்டுபோய் விட்டார்கள். பிறகு காலியான பட்டியின் படலைச் சாத்தி, சுற்றிலும் சுண்ணாம்புத்தூள் தூவி, மூவரும் முறைவைத்துக் காவல் இருந்தார்கள்.

"நல்ல பட்டியில எதுக்காவது கழிச்சல் உண்டா?" என்று மருத்துவர் வந்து கேட்டார்.

"ஒண்ணுக்கும் இல்ல டாக்டரம்மா. இருமல்கூட இல்ல."

மருத்துவர் படலுக்கு மேலாகக் காலிப் பட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு மந்தை முழுவதற்கும் மருந்து எழுதினார். "நான் சொல்ற வரைக்கும் இந்தப் பண்ணைக் கறியை யாரும் சாப்பிடக் கூடாது."

கொம்பையா கைகூப்பினார். "சம்பந்தி வாராரே தாயி. என் மக கதி என்ன ஆகும்?"

மருத்துவருக்கு இரக்கம் வந்துவிட்டது. "டவுன் கடையில நல்ல கறி வாங்குங்க. நல்லா வேக வையுங்க. பச்சைக்கறி வெட்டின கத்தியால வெங்காயம் நறுக்காதீங்க. சமைச்சதுல மாதிரிக்குன்னு எடுத்து மூடித் தனியா வச்சிருங்க. பந்தியில யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா, அதைச் சோதிச்சு எதனாலன்னு கண்டுபிடிச்சிரலாம்."

கொடை நாளன்று சமையல் யாரும் எதிர்பாராத அளவுக்கு நன்றாக அமைந்தது. கறிக்குழம்பின் மணம் அடுத்த தெருவரை போயிற்று. காலையிலிருந்து வயிற்றைக் காலியாக வைத்திருந்த மாசானமுத்து, பந்தியில் அமர்ந்து இலையை இன்னும் சற்று அருகே இழுத்துக்கொண்டார்.

அடுப்படியில் வேலாண்டி ஒரு கரண்டி குழம்பை எடுத்துக் கிண்ணத்தில் மூடினான். கொம்பையா தடுத்தார்.

"இந்தக் கரண்டியில கிருமி இல்லாம, அண்டாவுல இருந்துட்டா?"

"அப்போ மாதிரிக் குழம்பு பொய் சொல்லிரும் அண்ணே."

"அரை அண்டா எடுப்போம்."

"மிச்ச அரைக்கு யாரு அத்தான் பொறுப்பு?" என்றான் பிச்சைக்கனி.

குழம்பு அண்டாவையும் சோற்று அண்டாவையும் மூடி, புதுத்துண்டால் இறுகக் கட்டி, தனியாக ஓர் அறையில் வைத்துப் பூட்டினார்கள்.

இலையில் தண்ணீர் தெளித்திருந்தது. ஓரத்தில் உப்பு இருந்தது. சம்பந்தி வீட்டில் சோறு எங்கே என்று கேட்பது மரியாதையாகாது. ஆகவே மாசானமுத்து உப்பைப் பார்த்துக்கொண்டே அமர்ந்திருந்தார். வெயில் சாய்ந்தது. அவரும் மெல்ல இலையின்மேல் சாய்ந்தார்.

"அண்ணே, சம்பந்தி விழுந்துட்டாரு."

"டாக்டரம்மா வாக்கு பலிச்சிட்டுது பாத்தியா" என்றார் கொம்பையா. "நல்லவேளை, மாதிரி எடுத்து வச்சோம்."

இரண்டு அண்டாக்களையும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வேலாண்டி புறப்பட்டான். கட்டிய துண்டையும் மீறி மணம் வீசிற்று. மாசானமுத்து கண் விழித்து, கையை டிராக்டரை நோக்கி நீட்டினார்.

"சம்பந்தி, அது எங்க போகுது?"

கொம்பையா அந்தக் கையைப் பரிவோடு பிடித்துக் கீழே இறக்கினார். "சோதனைக்குப் போகுது சம்பந்தி. எது உங்களுக்கு ஒத்துக்கலைன்னு நாளைக்குத் தெரிஞ்சிரும். அது வரைக்கும் நீங்க எதையும் சாப்பிட்டிராதீங்க."