குறைத்துக் கொடுத்த ஒரு வருடம்

"நான் கொல்லைப்புற வழியா உள்ள வந்தவளா, மேடம்?"

கேட்டவர் அமலோற்பவம். இருபத்திரண்டு வருடமாக நர்ஸ். பேராசிரியை ரிஸ்வானா அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

வேலையில் இருக்கும் நர்சுகள் சீக்கிரம் முதுகலை முடிக்க, ரிஸ்வானாவின் நர்சிங் கல்லூரி ஒரு வழி செய்திருந்தது. அவர்கள் அனுபவத்துக்காக, இரண்டு வருடப் படிப்பில் ஒரு வருடத்தைக் குறைத்துக் கொடுத்தார்கள். அமலோற்பவம் அப்படிச் சேர்ந்தவர்.

"யார் சொன்னா?"

"நேரா யாரும் சொல்லல. ரெண்டு வருஷம் படிக்கிற பிள்ளைங்க பேசிக்கிட்டாங்க. நியாயந்தானே? அந்த ஒரு வருஷத்துல என்ன இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாது. படிப்ப விட்டு நின்னுடலாம்னு பாக்குறேன்."

ரிஸ்வானா வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டார்.

"ரவுண்ட்ஸுக்கு நேரமாச்சு. வாங்க, சிஸ்டர்."

பிரசவ வார்டில் ஐந்து மாணவிகள் காத்திருந்தார்கள். மூன்றாம் கட்டிலில் இருந்தவளுக்குக் குழந்தை பிறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

தாரிகை என்ற மாணவி குறிப்பைப் படித்தாள். "பிரஷர் நூத்திப்பத்துக்கு எழுபது. ரத்தப்போக்கு கம்மி. நல்லா இருக்காங்க மேடம்."

ரிஸ்வானா தலையசைத்தார். எல்லாரும் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்கள்.

அமலோற்பவம் நகரவில்லை.

அந்தப் பெண் கொட்டாவி விட்டாள்.

"ராத்திரி பூரா தூங்கல, பாவம்" என்றாள் அவள் அம்மா.

மறுபடியும் கொட்டாவி.

அமலோற்பவம் அவள் உள்ளங்கையைத் தொட்டார். சில்லென்று இருந்தது. அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"கர்ப்பப்பை கல்லு மாதிரி இறுகியிருக்கணும். தொளதொளன்னு கிடக்கு. டாக்டரைக் கூப்பிடுங்க. ஓடுங்க!"

சொல்லிக்கொண்டே வயிற்றை அழுத்தித் தேய்த்தார். உள்ளே தேங்கியிருந்த ரத்தம் கட்டி கட்டியாக வெளியே வந்தது.

டாக்டர் ஓடி வந்தார். ஊசி போட்டார்கள். ரத்தம் ஏற்றினார்கள். ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பெண் கண்ணைத் திறந்து குழந்தையைக் கேட்டாள்.

எல்லாரும் வகுப்புக்குத் திரும்பினார்கள். அமலோற்பவம் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

தாரிகை எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"நல்லா இருக்காங்கன்னு நான்தானே படிச்சேன். உங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?"

"பாத்தாலே தெரியும்மா."

"நானும் பாத்தேன்" என்றார் ரிஸ்வானா. "எனக்குத் தெரியலையே."



அமலோற்பவம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலைக்குச் சேந்து மூணாவது வருஷம். ஒரு பொண்ணு இப்படித்தான் கொட்டாவி விட்டுக்கிட்டே இருந்தா. தூங்கும்மான்னு சொல்லி, போர்வையை இழுத்துப் போத்திட்டு வந்துட்டேன்."

"உள்ளுக்குள்ள ரத்தம் போறதாலதான் அந்தக் கொட்டாவின்னு எனக்குத் தெரியல; விடியறதுக்குள்ள அவ செத்துப் போயிட்டா."

ரிஸ்வானா தன் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். தாரிகைக்குப் பக்கத்தில் மாணவி மாதிரி உட்கார்ந்து தன் நோட்டைத் திறந்தார்.

"அந்தப் பொண்ணு பேரு என்ன, சிஸ்டர்?"

"தவமணி."

ரிஸ்வானா தாளின் மேலே அந்தப் பெயரை எழுதினார். ஐந்து மாணவிகளும் எழுதினார்கள்.

"முதல்லேருந்து சொல்லுங்க."

அமலோற்பவம் எழுந்து முன்னால் போனார்.