கோணலாங்குளத்துப் பொன்னிற பஜ்ஜி

கோணலாங்குளத்தில் பலவேசம், வண்டிமலை, கொம்பையா என்று அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தார்கள். தங்கமான பிள்ளைகள். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். அதுதான் பெரிய கஷ்டம்.

"மோட்டார் நின்றதும் வீட்டுக்கு வா" என்று சொல்லி, அவர்களுடைய மாடத்தி அத்தை ஒருநாள் வண்டிமலையை வயலுக்கு அனுப்பினாள். அன்று முழுக்கக் கரண்டே இல்லை. ஓடாத மோட்டார் எப்படி நிற்கும்? விளக்கு வைக்கிற நேரத்தில் அத்தை போய்க் கையைப் பிடித்து இழுத்துவருகிற வரைக்கும் அவன் வரப்பில் உட்கார்ந்திருந்தான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒரே தலையில் எல்லாவற்றையும் ஏற்றினால் தலை தாங்காது என்று, யார் என்ன சொன்னாலும் அதை மூன்று பங்காகப் பிரித்துத்தான் மனப்பாடம் செய்வார்கள். முதல் பங்கு பலவேசத்துக்கு. நடுப்பங்கு வண்டிமலைக்கு. கடைசிப் பங்கு கொம்பையாவுக்கு. ஒருவன் பங்கில் மற்றவன் மூக்கை நுழைக்க மாட்டான்.

பலவேசத்துக்கு முப்பத்தொன்பது வயதாகிவிட்டது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. போன வருஷம் பெண் வீட்டார் வீடு பார்க்க வந்தபோது, "எதையும் மறைக்காதே" என்று அத்தை சொல்லியிருந்தாள். அவனும் மறைக்கவில்லை. கூரை ஒழுகுகிற இடத்தில் ஆரம்பித்து, பெருச்சாளி வளை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். வந்தவர்கள் பலகாரத்தைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள். அந்தப் பக்கத்தில் பலகாரத்தில் கை வைத்தால் சம்மதம், வைக்காவிட்டால் இல்லை. வாயால் சொல்வதே கிடையாது.

இப்போது இன்னொரு இடம் வந்திருந்தது. பெண் பெயர் உலகம்மாள். அவள் போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, குளிக்கப் போகும்போதுகூடச் சட்டையைக் கழற்ற மனமில்லாமல் பலவேசம் அலைந்தான். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பெண்ணின் அப்பாவும் அத்தையும் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு.

பார்த்து அன்றைக்குத்தானா மாடத்தி அத்தைக்குக் கால் பிசக வேண்டும்? தன் வீட்டுக் கட்டிலில் காலை நீட்டியபடி மூன்று பேரையும் வரிசையாக நிற்க வைத்தாள்.

"ஏலே, வாழைக்கா பஜ்ஜி போடணும். நல்லா கேட்டுக்கிடுங்க. காயத் தோல் சீவி, நீளவாக்குல காயிதம் மாதிரி அரியணும்."

"இது எனக்கு" என்றான் பலவேசம்.

"கடலமாவு, ஒரு கரண்டி அரிசிமாவு, வத்தப்பொடி, காயம், உப்பு. ஓமத்த உள்ளங்கைல வச்சுக் கசக்கிப் போடு. இட்லிமாவு பதத்துக்குக் கரை. எண்ணெயில ஒரு சொட்டு விட்டுப் பாரு. சட்டுனு மேல வந்தா எண்ணெய் சூடாயிட்டுன்னு அர்த்தம்."

"இது எனக்கு" என்றான் வண்டிமலை.

"காய மாவுல முக்கிப் போட்டு, பொன்னு நெறம் வந்ததும் எடுத்திரு. ஒடைஞ்ச பஜ்ஜியத் தட்டுல வைக்காத, அச்சானியம், நல்ல காரியத்துக்கு ஆகாது. சூட்டோட குடு."

கொம்பையா கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தான்.

பிறகு அத்தை தலையணைக்கு அடியிலிருந்து ஒரு அரைப் பவுன் மோதிரத்தை எடுத்தாள். "அவ்வோ பஜ்ஜில கை வச்சாவன்னா இதக் குடுத்திரு பலவேசம். பொண்ணுக்குன்னு சொல்லு. தொலைச்சிராத, கண்ணு முன்னாலயே இருக்கட்டும்."

மோதிரத்தைக் கண்ணுக்கு முன்னால் பிடித்தபடியே பலவேசம் வீடு வரைக்கும் நடந்தான். வழியில் ஒரு ஆட்டின் மேலும், ஒரு சைக்கிளின் மேலும் மோதினான். மோதிரம் பத்திரமாக வந்து சேர்ந்தது.

அடுப்படியில் முதல் சிக்கல் உடனே வந்தது.

"காயிதம் மாதிரின்னா எந்தக் காயிதம்?" என்றான் பலவேசம்.

"தினக்காலண்டர் தாளு" என்றான் வண்டிமலை.

"அது ஒருநாளைக்கு மேல நிக்காதே. மறுநாள் கிழிச்சிருவாவளே" என்றான் கொம்பையா.

பலவேசம் வெகுநேரம் யோசித்தான். நல்ல காரியத்துக்குச் செய்கிற பலகாரம், அதற்குக் கல்யாணப் பத்திரிகைதான் சரி என்று அவனுக்குப் பட்டது. பெட்டியைக் குடைந்து யாரோ சொந்தக்காரர் வீட்டுப் பத்திரிகையை எடுத்துவந்தான். அதைக் காய்மேல் வைத்து, அந்தக் கனத்துக்கு அரிந்தான். பத்திரிகைக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. விடுவானா? அரிந்த ஒவ்வொரு வில்லைக்கும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினான். நாற்பது வில்லைக்கு நூற்றறுபது மூலை. மணி ஒன்றாகிவிட்டது.

வண்டிமலை மாவைக் கரைத்துவிட்டு பக்கத்து வீட்டுக்குப் போய், ஒரு கிண்ணம் இட்லிமாவு இரவல் வாங்கிவந்தான். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே பதம் தெரியும்?

"பதம் கைக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. கண்ண மூடிக்கிட்டுத் தொட்டுப் பாக்கணும்" என்று சொல்லிக் கண்ணை மூடினான். தொட்டான். "கெட்டி" என்று தண்ணீர் விட்டான். தொட்டான். "தண்ணி" என்று மாவைக் கொட்டினான். இப்படியே சட்டியிலிருந்து குண்டானுக்கும், குண்டானிலிருந்து அண்டாவுக்கும் மாவு வளர்ந்தது. வீட்டிலிருந்த கடலைமாவு முழுதும் தீர்ந்தபோது அவன் மறுபடி கண்ணை மூடித் தொட்டான்.

"ஆத்தாடி! ரெண்டும் அச்சு அசலா ஒண்ணு போல இருக்கு!"

இரண்டு தடவையும் அவன் விரல் இட்லிமாவுக் கிண்ணத்துக்குள்தான் போயிருந்தது. பலவேசம் அதைப் பார்த்தான். ஆனாலும் அது வண்டிமலையின் பங்கு.

எண்ணெய் வைத்தார்கள். வண்டிமலை ஒரு சொட்டு மாவு விட்டான். அது சட்டென்று மேலே வந்தது.

"சூடாயிட்டு!" என்றான் கொம்பையா.

"அவசரப்படாத. அந்தச் சொட்டு வந்துது. அடுத்த சொட்டு வருமான்னு யாரு கண்டா?" என்றான் வண்டிமலை.

அடுத்த சொட்டும் வந்தது.

"ஒருவேளை ஓரத்துல மட்டும் சூடாயிருக்கும். நடுவுல விட்டுப் பாருல" என்றான் பலவேசம், பங்கை மறந்து. இந்த இடமும் கைவிட்டுப் போனால் அத்தை இன்னொரு இடம் பார்க்கமாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

நடுவில் விட்டார்கள். இடப்பக்கம் விட்டார்கள். வலப்பக்கம் விட்டார்கள். எல்லாச் சொட்டும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு மேலே வந்தன. அண்டா மாவில் முக்கால்வாசி தீர்ந்து, இரண்டு முறம் நிறையப் பூந்தி சேர்ந்த பிறகுதான் எண்ணெய் சூடாகிவிட்டது என்று மூன்று பேருக்கும் நம்பிக்கை வந்தது. மணி மூன்று.

இனி கொம்பையாவின் பங்கு. அவன் அகப்பையைப் பிடித்தபடி அசையாமல் நின்றான்.

"போடேம்ல!" என்றான் பலவேசம்.

"பொன்னு நெறம் வந்ததும் எடுக்கணும்ணே. பொன்னு என்ன நெறம்?"

"மஞ்சளா இருக்கும்."

"எலுமிச்சம்பழமும் மஞ்சள்தான். டீக்கடை சுவரும் மஞ்சள்தான். நாளைக்கு ஒரு குத்தம்னா அத்தை என்னையல்லா கேப்பா?"

நியாயமாகத்தான் இருந்தது. வீட்டில் இருந்த ஒரே பொன், அந்த அரைப் பவுன். பலவேசம் ஆணியில் கண்ணுக்கு நேராக மாட்டியிருந்த மோதிரத்தை எடுத்துத் தயங்கினான். பிறகு, தம்பியின் சுண்டுவிரலில் போட்டால் எல்லார் கண் முன்னாலும் இருக்குமே என்று போட்டுவிட்டான்.

கொம்பையா அந்தக் கையாலேயே காயை மாவில் முக்கினான், எண்ணெயில் விட்டான், மாவு அப்பிய விரலைப் பக்கத்தில் நீட்டி நிறம் பார்த்தான், எடுத்தான். நாற்பது பஜ்ஜியும் அச்சில் வார்த்த மாதிரி வந்தன. பலவேசத்துக்கு வாயெல்லாம் பல். சட்டைப்பையிலிருந்து போட்டோவை எடுத்து அதற்கும் ஒருதரம் பஜ்ஜித் தட்டைக் காட்டினான்.

"சரி, மோதிரத்தக் குடு" என்றான்.

கொம்பையா விரலைப் பார்த்தான். மறுகை விரலையும் பார்த்தான். மாவுதான் இருந்தது. மோதிரம் இல்லை.

அண்டாவின் அடிவரை துழாவினார்கள். எண்ணெயை வடிகட்டினார்கள். இல்லை. அப்படியென்றால் நாற்பதில் ஒன்றுக்குள்தான் இருக்க வேண்டும்.

"பிச்சுப் பாத்திருவோம்" என்றான் வண்டிமலை.

"ஒடைஞ்சதத் தட்டுல வைக்கப்பிடாது" என்றான் கொம்பையா. "அது என் பங்கு."

"அப்போ காதுல வச்சு ஆட்டிப் பாப்போம். உள்ள இருந்தா சத்தம் கேக்கும்லா?" என்றான் வண்டிமலை.

ஆளுக்கொரு பஜ்ஜியை எடுத்துக் காதில் வைத்து ஆட்டினார்கள். கொதிக்கிற பஜ்ஜி. "ஸ்ஸ்" என்ற சத்தம்தான் கேட்டது. அது அவர்கள் வாயிலிருந்து வந்தது.

வாசலில் ஆள் குரல். பெண்ணின் அப்பா குத்தாலிங்கமும், அவர் அக்கா ஆவுடைத்தாயும் வந்துவிட்டார்கள். உள்ளே வந்தவர்கள் பார்த்தது, வலது காது சிவந்து எண்ணெய் வழிய நின்ற மூன்று ஆண்பிள்ளைகளை.

"என்ன மாப்ளே, காதுல?"

"பலகாரம் செஞ்சோம்" என்றான் பலவேசம்.

தட்டு வந்தது. பலவேசத்தின் பாடு யாருக்கும் வரக்கூடாது. அவர்கள் பஜ்ஜியைத் தொடாவிட்டால் உலகம்மாள் இல்லை. தொட்டால் மோதிரம் வயிற்றுக்குள் போய்விடும். குத்தாலிங்கத்தின் கை தட்டுக்குப் போனதும், அவனுக்குச் சந்தோஷத்தில் பாதி மூச்சும் பயத்தில் பாதி மூச்சும் நின்றன.

"மெதுவா... மெதுவா மெல்லுங்க மாமா."

"ஏன், காரமா?"

"இல்ல. முழுங்குததுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லிருங்க."

மூன்று பேரும் குனிந்து அவர் வாயையே பார்த்தார்கள். அவர் ஒன்று தின்றார், நாலு தின்றார், எட்டு தின்றார். "இவ்வளவு அக்கறையா ஆரும் எனக்குச் சோறு போட்டதில்ல" என்று அக்காவிடம் சொன்னார். அந்த அம்மாளும் தலையாட்டியபடி ஒரு பஜ்ஜியைக் கடித்தபோது 'நறுக்' என்றது.

ஆவுடைத்தாய் வாய்க்குள் இரண்டு விரலை விட்டு, மோதிரத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். தூணோடு தூணாகப் போய்விடலாமா என்று பலவேசத்துக்கு இருந்தது.

"அது... பொண்ணுக்கு" என்றான்.

"ஏலே தம்பி!" என்றாள் ஆவுடைத்தாய். "வெத்தலைத் தட்டுல வச்சுக் குடுக்கவனப் பாத்திருக்கேன். டப்பாவுல வச்சுக் குடுக்கவனப் பாத்திருக்கேன். பஜ்ஜிக்குள்ள வச்சு ஊட்டிவிடுதவன இப்பத்தான் பாக்கேன். நம்ம உலகத்தத் தங்கமா வச்சுக்கிடுவான்!"

குத்தாலிங்கம் எழுந்து பலவேசத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "தை மாசம் முகூர்த்தம் வச்சிருவோம். கல்யாணத்துல ஒரு குறையும் வரப்பிடாது மாப்ளே. எல்லாம் இன்னைக்குச் செஞ்ச மாதிரியே அப்பிடியே செஞ்சிருங்க."

மூன்று பேரும் அதை ஆளுக்கொரு பங்காகப் பிரித்து மனப்பாடம் செய்துகொண்டார்கள்.

தை மாதம் வந்தது. பந்தல் நிறையச் சனம். மாடத்தி அத்தை கால் சரியாகி, புதுச்சேலை கட்டி, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேளக்காரர் கெட்டிமேளத்துக்குக் குச்சியை ஓங்கிக்கொண்டு காத்திருந்தார்.

"தாலியக் கொண்டாங்கோ" என்றார் ஐயர்.

வண்டிமலையும் கொம்பையாவும் ஒரு பெரிய அண்டாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவந்து மணவறையில் வைத்தார்கள். ஆவி பறந்தது. நானூறு பஜ்ஜி. நாலு மூலையிலும் மஞ்சள். ஒன்றுகூட உடையவில்லை.

"தாலி எங்கேப்பா?" என்றார் ஐயர்.

"இதுலதான் சாமி" என்றான் கொம்பையா.

"எதுல?"

"அது தெரியாது சாமி. அன்னைக்கும் எங்களுக்குத் தெரியாது."

ஐயர் பலவேசத்தைப் பார்த்தார். பலவேசம் குத்தாலிங்கத்தைப் பார்த்தான். குத்தாலிங்கம் மாடத்தி அத்தையைப் பார்த்தார். அத்தை தலையில் கைவைத்துக்கொண்டாள். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது.

முதலில் கையை நீட்டியது மணப்பெண்தான். உலகம்மாள் மாலையை ஒதுக்கிவிட்டு ஒரு பஜ்ஜியை எடுத்தாள். காதில் வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

"இதுல இல்ல" என்று முகம் மாறாமல் சொல்லிவிட்டு, அடுத்ததை எடுத்துப் பலவேசத்தின் காதில் வைத்தாள்.