நிழலில்லாத இந்திரன்

மதுரையில் ஒரு நாடகக் குழு. அதன் முதலாளி மாசிலாமணிக்கு இந்திரன் வேடம். மேடைக்கு ஒளியமைக்கப் புதிதாக வந்திருந்த பூங்கோதையை எல்லார் முன்னாலும் கூப்பிட்டார்.

"தேவர்களுக்கு நிழல் கிடையாதும்மா. மேடை தகதகன்னு இருக்கணும், என் நிழல் மட்டும் விழக்கூடாது. முடியலைன்னா பெட்டியைக் கட்டு. என் மச்சான் பார்த்துக்குவான்."

குழுவே சிரித்தது. பூங்கோதை அசரவில்லை. கிளம்புகிற எண்ணமும் அவளுக்கு இல்லை. "ஒத்திகையில பாருங்கய்யா," என்றாள்.

ஒத்திகையில் திரை விலகியது. சபை பொன்னாக மின்னியது. ரம்பை நீல ஒளியில் ஜொலித்தாள். இந்திரனின் சிம்மாசனம் மட்டும் கும்மிருட்டில் கிடந்தது.

"ஏம்மா, என்னையே காணோமே!" என்று இருட்டுக்குள்ளிருந்து முதலாளி அலறினார்.

"அங்கேதான் இருக்கீங்கய்யா. நிழல் விழுதான்னு நீங்களே பாருங்க."

குழு மறுபடி சிரித்தது. இந்திரன் கனைத்துக்கொண்டார்.

"நிழலும் இருந்துட்டுப் போகட்டும். வெளிச்சத்தைப் போடும்மா."