ஆமணக்கங்குளத்துக் கண்ணுப்பெட்டி

பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்று கிளம்பி, முதல் வேலையாகப் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தையெல்லாம் தூக்கிக்கொண்டுபோய் ரேஷன் கடையில் வைத்துப் பூட்டிய ஊரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? இல்லையென்றால் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். குழம்பு கொதிப்பதற்குள் கதை முடிந்துவிடும்.

ஊர் பேர் ஆமணக்கங்குளம். அங்கே ஒரு தொடக்கப் பள்ளிக்கூடம், பத்தொன்பது பிள்ளைகள். தலைமையாசிரியர் ஞானசிகாமணி. உதவி ஆசிரியரும் அவரேதான். பள்ளிக் குழுவின் தலைவர் சுடலைமணி அண்ணாச்சி. உறுப்பினர் கொம்பையா. இந்த மூன்று பேரும் எழுத்தில் இருப்பதை மட்டும்தான் செய்வார்கள். எழுத்தில் இல்லையென்றால் தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்வார்கள்.

ஒருநாள் கல்வி அதிகாரி வந்தார். நாலாம் வகுப்பு வள்ளிமயிலை எழுப்பி வாசிக்கச் சொன்னார். அந்தப் பிள்ளைக்கு எழுத்தெல்லாம் அத்துப்படி. ஆனால் கண் ஒரு வரியில் நிற்காது. மூன்றாம் வரியில் கிளம்பி ஆறாம் வரியில் போய் இறங்கும். அன்றைக்கு ஆற்றங்கரையில் நின்ற கொக்கு, மீனைக் கவ்வாமல் நேரே போய்ப் பள்ளி ஆண்டுவிழாவுக்குத் தலைமை தாங்கியது.

அதிகாரி சிரிக்கவில்லை. "முப்பது நாள் கழிச்சு வருவேன். இதே பொண்ணு ஒரு பக்கம் ஒழுங்கா வாசிக்கணும். இல்லேன்னா இந்தப் பள்ளியை மூடிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோட சேர்த்துடுவேன்" என்றார்.

ரோடு என்றால் நாலுவழிச் சாலை. போன மாதம் அதைத் தாண்டப் போன ஆட்டில் பாதிதான் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. வள்ளிமயிலின் அம்மா இசக்கியம்மாள் அதே பள்ளியில் சத்துணவு சமைப்பவள். அன்றைக்கு அவள் பொங்கிய சோறு அவளுக்கே இறங்கவில்லை.

அதிகாரி வெறுங்கையோடு வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆறு பிள்ளைக்கு ஒரு புத்தகம் இருந்த அந்தப் பள்ளிக்கு, ஒரு வி.ஆர். கருவியைக் கொடுத்துவிட்டுப் போனார். கண்ணை மறைக்கிற மாதிரித் தலையில் மாட்டிக்கொள்ளும் பெட்டி அது. மாட்டினால் உள்ளே ஆகாயம் மாதிரி விரியுமாம். ஒரு மஞ்சள் பந்து இடமிருந்து வலமாக ஓடும், ஒரு படி கீழே இறங்கும், மறுபடி ஓடும். தினமும் அதன் பின்னாலேயே பார்த்துக்கொண்டு போனால் கண் பழகி, வரி தாண்டாமல் வாசிக்குமாம். ஊரார் அதற்குக் கண்ணுப்பெட்டி என்று பேர் வைத்தார்கள். கூடவே விதிகள் அச்சடித்த தாள் ஒன்றும் வந்தது.

"முதலில் ஆசிரியர் அணிந்து பார்க்கவும்" என்றிருந்தது. ஞானசிகாமணி சார் அணிந்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கழத்தலையா சார்?" என்றார் அண்ணாச்சி.

"கழற்றவும்னு எந்த வரியிலயாவது இருக்கா வே?"

அண்ணாச்சி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இல்லை. சார் பெட்டியோடவே வருகை எடுத்தார், பெட்டியோடவே கரும்பலகை என்று நினைத்து அண்ணாச்சியின் வெள்ளைச் சட்டையில் கூட்டல் கணக்கு எழுதினார். பதினொரு மணிக்குப் பேட்டரி தீர்ந்து உள்ளே கறுப்பானது. "பொழுது அடைஞ்சிட்டு, பிள்ளைகளா வீட்டுக்குப் போங்க" என்று சொல்லி மணியடித்துவிட்டார்.

மறுநாள் அடுத்த விதி. "பயிற்சி அறையில் தட்டுப்படும் பொருட்களை அகற்றவும்." பெஞ்சு போனது. மேசை போனது. கரும்பலகையைக் கழற்றினார்கள். புத்தக அலமாரியை நாலு பேர் சுமந்துபோய் ரேஷன் கடையில் வைத்துப் பூட்டினார்கள். அறையின் நடுவில் ஒரு தூண் மட்டும் நின்றது. கொம்பையா எங்கேயோ பார்த்துக்கொண்டு வந்து அதில் நெற்றியை முட்டிக்கொண்டார்.

"தூணும் தட்டுப்படுதே. கடப்பாரை கொண்டாரட்டுமா?" என்றார் நெற்றியைத் தடவிக்கொண்டு.

"வே, யோசிச்சுப் பேசும்" என்றார் அண்ணாச்சி. "தூணை எடுத்தா கூரை தலையில வந்து தட்டுப்படும். அப்புறம் கூரையை அகத்தணும்."

"அப்போ என்ன செய்ய?"

சார் கண்ணை மூடி யோசித்தார். "தூண் அதுபாட்டுக்கு நிக்குது. அது யார்மேலயும் வந்து முட்டலை. முட்டினது கொம்பையா. ஆக, இந்த அறையில தட்டுப்படுற பொருள் கொம்பையாதான்."

கொம்பையாவுக்கே அது நியாயமாகப் பட்டது. அன்றுமுதல் அவர் அறைக்கு வெளியே நின்று, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் கலந்துகொண்டார்.

இசக்கியம்மாள் வந்து நின்றாள். "சார், புத்தகத்தை மட்டும் குடுங்க. வீட்ல உக்காத்தி வெச்சு நானே வாசிக்க வைக்கேன். நாள் ஓடுதுல்லா?"

"புத்தகம் இப்போ தட்டுப்படும் பொருள் பட்டியல்ல இருக்கு தாயி" என்றார் சார் வருத்தத்தோடு.

"வாசிக்கத்தான சார் இவ்வளவு பாடு?"

"வாசிக்க இல்லைம்மா, பயிற்சிக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க."

மூன்றாவது விதிதான் ஊரையே ஒரு ஆட்டு ஆட்டியது. இல்லை, ஆட்டாமல் ஆக்கியது. "மாணவர் தலையை அசைக்கக்கூடாது. கண் மட்டுமே அசைய வேண்டும்."

"எப்பப்போ அசைக்கக்கூடாதுன்னு போட்டிருக்கா?" என்றார் அண்ணாச்சி.

"போடலை."

"அப்போ எப்பவுமேதான்" என்றது ஜன்னல்.

பத்தொன்பது பிள்ளைகள் தலையிலும் ஆளுக்கொரு தம்ளர் தண்ணீர் வைக்கப்பட்டது. ஒரே பெட்டியை முறைவைத்து மாட்டிக்கொண்டு பந்தைப் பார்த்தார்கள். தண்ணீர் சிந்தினால் பயிற்சி முதலிலிருந்து. பிள்ளைகள் ஆணியடித்த மாதிரி நடந்தார்கள். தட்டைக் குனிந்து பார்க்க முடியாததால் மூக்கு மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்துச் சாப்பிட்டார்கள். பாதிச் சோறு கழுத்து வழியாகச் சட்டைக்குள் போனது. "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று கேட்டால் ஆமென்றும் ஆட்டமாட்டார்கள், இல்லையென்றும் ஆட்டமாட்டார்கள். கண் மட்டும் இடமும் வலமும் போகும். இசக்கியம்மாள் மகளுக்குப் பேன் பார்க்க ஸ்டூல் போட்டு ஏறவேண்டியதாயிற்று. பேன்களுக்கு மட்டும் அந்த மாதம் நல்ல மாதம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கண் பழகியது. ரோட்டில் பஸ் போனால் பத்தொன்பது ஜோடிக் கண்ணும் சர்ரென்று அதனோடு போய், ஒரு படி கீழே இறங்கி, மறுபடி இடப்பக்கம் வந்து நிற்கும்.

முப்பதாம் நாள் அதிகாரி வந்து, பெஞ்சு இல்லாததால் தரையிலேயே உட்கார்ந்தார். ரேஷன் கடையைத் திறந்து புத்தகம் கொண்டுவந்தார்கள். மண்ணெண்ணெய் வாசம். வள்ளிமயில் தலையில் தம்ளரோடு நின்றாள். புத்தகத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். கண் இடமிருந்து வலம் போனது, இறங்கியது, போனது, இறங்கியது. பத்தே நொடி.

"முடிச்சிட்டேன் சார்."

"என்னத்தை முடிச்சே?"

"பக்கத்தை."

"வாயைத் திறந்து வாசிம்மா!"

ஞானசிகாமணி சார் பணிவாகக் குறுக்கிட்டார். "சார், வாய் இந்தத் தாள்ல வரலை. கண்ணுக்கு மட்டும்தான் வந்திருக்கு. வாய்க்கு வேற திட்டம் வரும்னு இருந்தோம்."

அதிகாரி பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். அடுக்களை வாசலில் நின்ற இசக்கியம்மாளுக்கு லாரிச் சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது.

"ஏட்டி, எழுத்துத்தான் தெரியும்லா? வாசியேன்!" என்று கத்தினாள்.

"இதுல பந்து இல்லம்மா. பந்து இல்லாம எந்த எழுத்தைப் பாக்க?" வள்ளிமயில் அழப்போனாள், தலை அசையக்கூடாதே என்று அழுகையையும் அசையாமல் அழுதாள்.

"பந்துதான? இந்தா!" ஜன்னலுக்கு வெளியிலிருந்து கொம்பையா ஒரு எலுமிச்சம்பழத்தை வீசினார். அது புத்தகத்தில் விழுந்து, ஒரு வரி ஓடி, அதிகாரி மடியில் குதித்து, வாசலைத் தாண்டி ஓடியது. எல்லாப் பிள்ளைகளின் கண்ணும் அதனோடு போய்விட்டது.

"பந்து சரியாத்தான் ஓடிச்சு. புத்தகம்தான் சின்னதாப் போச்சு" என்றார் அண்ணாச்சி.

இசக்கியம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. சாம்பாருக்கு மஞ்சள்பொடி போட்ட கையோடு உள்ளே வந்தாள். தம்ளரைப் பிடுங்கித் தண்ணீரை வெளியே வீசினாள். அது கொம்பையாவுக்குப் போய்ச் சேர்ந்தது. மகளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, "குனிட்டி!" என்று பிடரியில் கைவைத்து அமுக்கினாள். மஞ்சள் பிடித்த ஆள்காட்டி விரலை முதல் எழுத்துக்கு அடியில் வைத்தாள்.

"ஆற்றங்கரையில்... ஒரு கொக்கு... நின்றது" என்றாள் வள்ளிமயில்.

விரல் நகர்ந்தது. கண்ணும் நகர்ந்தது. விரல் இறங்கியது. கண்ணும் இறங்கியது. கொக்கு மீனைக் கவ்வியது, பறந்தது, மரத்தில் உட்கார்ந்தது. ஆண்டுவிழாப் பக்கமே போகவில்லை. பக்கம் முழுக்க ஒரு வரி தப்பவில்லை.

அதிகாரி பேனாவை மூடினார். "பள்ளி இருக்கட்டும்" என்றார்.

இத்தோடு முடித்திருந்தால் அது வேறு ஊராக இருந்திருக்கும். அதிகாரி பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். 'வாசிப்புக்கு உதவிய கருவி' என்று ஒரு கட்டம் இருந்தது. நேர்மையான மனிதர், கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுவார். 'விரல்' என்று எழுதினார்.

"நிறம்?"

"மஞ்சள்" என்றார் அண்ணாச்சி.

"நீளம்?"

சார் அளவுகோல் வைத்து அளந்தார். "ஏழு சென்டிமீட்டர் சார். நகத்தோட சேத்தா ஏழரை. நகத்தைச் சேக்கவா, வேண்டாமா?"

"உதிரிபாகம்னு தனியா எழுதிக்கலாம். கருவி எண்?"

"பெருவிரல்லேருந்து எண்ணினா ரெண்டாவது. ரெண்டுன்னு போடுங்க" என்றார் கொம்பையா, முகத்தைத் துடைத்துக்கொண்டே.

"அரசுக் கருவியா, தனியார் கருவியா?"

இதற்குத்தான் நீண்ட விவாதம் நடந்தது. விரல் இசக்கியம்மாளுடையது, ஆகவே தனியார் என்றார் அண்ணாச்சி. மஞ்சள்பொடி அரசாங்கம் கொடுத்தது, ஆகவே அரசு என்றார் சார். பொடி இருக்கும்வரை அரசு, கை கழுவினால் தனியார் என்று ஜன்னல் தீர்ப்புச் சொன்னது. "யம்மா, கை கழுவிராதீங்க!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அதிகாரி படிவத்தின் கடைசி வரிக்கு வந்தார். படித்தார். மறுபடி படித்தார். தலைமையாசிரியரிடம் நீட்டினார். 'உதவிய கருவியை மூன்று நாட்களுக்குள் அடுத்த பள்ளிக்கு அனுப்பி வைக்கவும்' என்று தெளிவாக அச்சடித்திருந்தது. அடுத்த பள்ளி ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான்.

ஞானசிகாமணி சார் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இசக்கியம்மாள் முன்னால் வந்து, இரண்டு கையையும் கூப்பினார்.

"தாயி, திங்கக்கிழமை காலையில ஒம்பது மணிக்குள்ள அந்த விரலை மட்டும் குடுத்துவிடுங்க. நீங்க அலையாண்டாம், ரோட்டுல லாரி ஜாஸ்தி. சாம்பார் வைக்குற நேரத்துக்குள்ள நானே பத்திரமாக் கொண்டாந்து சேத்திருதேன்."