உப்பள வாசலில் நூற்றுப் பன்னிரண்டு 'நன்று'

"சுவாமி, உப்பளத்துக்காரர்கள் பொய் சொல்கிறார்கள்" என்றார் அம்பலவாணர். "ஒருவர் பாக்கியில்லாமல்."

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

அம்பலவாணர் குருவைவிட நான்கு வயது மூத்த சீடர். மடத்துக்கு வந்து ஏழு வருடமாகியும் சந்தேகம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. குழம்பு நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னாலும், ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்த்த பிறகுதான் இலையில் உட்காருவார்.

சுகாதாரத் துறை கேட்டுக்கொண்டதால் மடத்தார் ஊர் ஊராகக் கணக்கெடுத்தார்கள். தாளில் பெயருக்குக் கீழே ஒரே கேள்விதான். உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது? மிக நன்று, நன்று, சுமார், மோசம். எங்கே 'மோசம்' அதிகமோ அங்கே மருத்துவ வண்டி வாரம் ஒருமுறை வந்து நிற்கும். தாள்களை ஒப்படைக்க இன்னும் பத்து நாள் இருந்தது.

"கடைத்தெருவில் எண்பது பேர் சுவாமி. அறுபத்தொரு பேர் மோசம் என்கிறார்கள். ஏப்பம் வந்தால்கூட மோசம். உப்பளத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேரும் நன்று. பேச்சித்தாய் என்று ஒரு அம்மாள், நான் எதிரில் நிற்கிறேன், தூணைப் பார்த்துப் பேசுகிறாள். கண் அந்த நிலைமையில். அவளும் நன்று!"

"வண்டி?"

"கடைத்தெருவுக்குத்தான் போகும். பொய் சொன்னால் வேறென்ன நடக்கும்?"

"எங்கே வைத்துக் கேட்டீர்?"

"உப்பள வாசலில். விடிந்ததும் வேலைக்கு வரிசையில் நிற்பார்கள். எல்லோரையும் ஒரே இடத்தில் பிடித்துவிடலாம்."

குரு கீரைக் காம்பைக் கீழே போட்டார்.

"மூன்று நாள் உப்புச் சுமந்துவிட்டு வாரும்."

இது தண்டனையோ என்று அம்பலவாணருக்குச் சந்தேகம். ஆனாலும் போனார். மடத்து வேண்டுதலாக்கும் என்று கங்காணியும் சேர்த்துக்கொண்டான்.

முதல் நாள் வரிசையில் நின்றார். கங்காணி ஒவ்வொருவரையும் ஏற இறங்கப் பார்த்துக் கேட்டான்.

"ஒடம்பு எப்படி?"

"நல்லாருக்கேன்."

"ஒடம்பு எப்படி?"

"நல்லாருக்கேன்."

"ஒடம்பு எப்படி?"

"லேசா தலைசுத்துது அண்ணாச்சி. வெயில் ஏறுனா..."

"அப்ப வீட்டுக்குப் போ. அடுத்த ஆளு வா."

அம்பலவாணர் அன்று சாயங்காலமே மடத்துக்கு ஓடிவந்தார்.

"புரிந்துவிட்டது சுவாமி! நான் கேட்ட அதே கேள்வியைத்தான் கங்காணியும் தினம் கேட்கிறான். அதே வாசலில்!"

"இன்னும் இரண்டு நாள் இருக்கிறது" என்றார் குரு.

இரண்டாம் நாள் அவருடைய பாதம் வெடித்தது. உப்புத் தண்ணீர் வெடிப்பில் இறங்கியபோது பல்லைக் கடித்துக்கொண்டார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோர் காலும் அப்படித்தான் இருந்தது.

மூன்றாம் நாள் வரிசையில் அவருக்குப் பின்னால் பேச்சித்தாய் நின்றாள். அவருடைய தோளில் கை வைத்திருந்தாள். வரப்பின் மேல் அவளால் தனியாக நடக்க முடியாது. முன்னால் போகிறவர் தோளைப் பிடித்துத்தான் இத்தனை நாளும் வேலைக்குப் போயிருக்கிறாள். கங்காணிக்கு அது தெரியாது.

"சாமி, ஒடம்பு எப்படி?" என்றான் கங்காணி.

தோளில் இருந்த விரல்கள் இறுகின. தான் வெளியே போனால் அவள் யாரைப் பிடித்துக்கொள்வாள்?

"நல்லாருக்கேன்" என்றார் அம்பலவாணர்.

அன்று அவர் மடத்துக்கு நொண்டிக்கொண்டு வந்தபோது, குரு ஒரு புதுத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்.

"உமது உடல்நலம் எப்படி இருக்கிறது?"

அம்பலவாணர் பேனாவைப் பார்த்தார். குருவைப் பார்த்தார்.

"இந்தத் தாள் யார் கைக்கெல்லாம் போகும் சுவாமி?"

"நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் நீட்டியவர் நீர். என்னைக் கேட்கிறீர்?"

அம்பலவாணருக்கு முகம் சிவந்துவிட்டது. உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

மறுநாள் பஸ் ஏறிச் சுகாதாரத் துறை அலுவலகத்துக்குப் போனார். பெயரைக் கிழித்து எறிந்துவிட்டு மீதியைத்தான் பார்ப்போம், உப்பள முதலாளிக்கோ கங்காணிக்கோ காட்ட மாட்டோம் என்றார்கள். இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டுப் பதில் ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் புதுத் தாள்களோடு பேச்சித்தாயின் வீட்டுக்குப் போனார். அவள் வெந்நீரில் கால் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க சாமி. நாந்தான் அன்னைக்கே சொன்னனே, நல்லாருக்கேன்னு."

"இது கங்காணிக்குப் போகாது அம்மா."

"அப்படித்தான் சொல்லுவாக."

"பெயரைக் கிழித்துவிடுவார்களாம். விசாரித்துவிட்டேன்."

"கிழிக்கும்போது நீங்க கூட நிப்பீகளா?"

'நிற்பேன்' என்று சொல்ல அம்பலவாணர் வாயெடுத்தார். சொன்னால் அது பொய்யாகிவிடும்.

"நிற்க மாட்டேன்" என்றார். "எனக்கும் அவர்கள்மேல் முழு நம்பிக்கை இல்லை. வண்டி வர எனக்கு வேறு வழியும் தெரியவில்லை."

பேச்சித்தாய் வெந்நீரிலிருந்து காலை எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப மொதல்ல ஒங்க பேரப் போடுங்க."

போட்டார்.

"ஒடம்பு எப்படின்னு எழுதுனீக? சத்தமாப் படிங்க."

"அம்பலவாணன். மோசம்."

அவள் கையைத் தாள் பக்கம் நீட்டினாள்.

"எந்த எடம்னு காட்டுங்க. எனக்குக் கண்ணு தெரியல."